வேகமானித் துல்லியமும் வேகக் கட்டுப்பாட்டு அமலாக்கமும்

வேகமானி என்பது ஓர் ஊர்தி குறித்த கணத்தில் செல்லும் வேகத்தை அதன் ஓட்டுநருக்குக் காட்டும் கருவி ஆகும். வேகமானி காட்டும் வேகம் ஊர்தியின் உண்மை வேகத்துக்கு எவ்வளவு நெருக்கமாக உள்ளது என்பதே வேகமானித் துல்லியம் எனப்படுகிறது. சாலைகளில் வேக வரம்பை மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கும்போது காவல்துறை தன் சொந்தக் கருவிகளால் வேகத்தை அளக்கிறது. ஓட்டுநரோ தன் ஊர்தியின் வேகமானியை மட்டுமே நம்பி வரம்புக்குள் செல்ல முயல்கிறார். இவ்விரு கருவிகளும் வெவ்வேறு முறையில் இயங்குபவை. இரண்டிலும் பிழைகள் உண்டு. இப்பிழைகளின் சுமையை யார் ஏற்பது என்ற கேள்வி பல நாடுகளில் தொழில்நுட்ப விதிகளையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் பொது விவாதங்களையும் தோற்றுவித்துள்ளது.

வேகமானி இயங்கும் முறை

செருமானியப் பொறியாளர் ஓட்டோ சுல்சே 1902-ஆம் ஆண்டில் சுழல் மின்னோட்ட வேகமானிக்குக் காப்புரிமை பெற்றார். இவ்வகைக் கருவியில், கியர் பெட்டியிலிருந்தோ சக்கரத்திலிருந்தோ வரும் வளையக்கூடிய கம்பிவடம் ஒரு நிலைக்காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சூழ்ந்துள்ள அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்படுவதால், கிண்ணமும் காந்தத்தின் திசையில் திரும்ப முயல்கிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று அதனைத் தடுக்கிறது. இரு விசைகளும் சமநிலை அடையும் இடத்தில் முள் நிற்கிறது. காந்தத்தின் வலிமை குன்றுதல், சுருள்வில் தளர்தல், வெப்பநிலை மாற்றம் ஆகியவை இக்கருவியின் அளவீட்டைப் பாதிக்கும்.

தற்கால ஊர்திகளில் சக்கரத்தின் அல்லது கியர் பெட்டியின் சுழற்சியை உணரி ஒன்று மின்துடிப்புகளாக மாற்றுகிறது. ஊர்தியின் கணினி அத்துடிப்புகளை எண்ணி வேகத்தைக் கணக்கிடுகிறது. எண்ணுவதில் ஏற்படும் பிழை புறக்கணிக்கத்தக்க அளவு சிறியது. ஆயினும் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் ஓர் அடிப்படை ஒற்றுமை உண்டு: இரண்டுமே ஊர்தியின் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுழல்கிறது என்பதை மட்டும் அளந்து, ஒரு சுற்றுக்கு இவ்வளவு தொலைவு என்று முன்கூட்டியே வைத்துக்கொண்ட எண்ணால் பெருக்குகின்றன. அந்த எண் மாறினால் காட்டும் வேகமும் பிழையாகும்.

பிழைக்கான காரணங்கள்

பிழைக்கு முதன்மையான காரணம் டயர் ஆகும். எடுத்துக்காட்டாக, மகிழுந்துகளில் பரவலாகப் பயன்படும் 195/65 ஆர்15 அளவுள்ள டயரை எடுத்துக்கொள்ளலாம். இதில் 195 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம்; 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது; 15 என்பது அங்குலத்தில் சக்கர வளையத்தின் விட்டம். இதன்படி டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 634.5 மி.மீ. ஆகும்.

- தேய்மானம்: புதிய டயரின் தடப்பள்ளம் 8 மி.மீ. ஆழமாக இருந்து 1.6 மி.மீ. வரை தேய்ந்தால், விட்டம் 12.8 மி.மீ. குறையும். இது ஏறத்தாழ 2 விழுக்காடு ஆகும். சிறிய சக்கரம் அதே தொலைவைக் கடக்கக் கூடுதல் முறை சுழல வேண்டும் என்பதால், வேகமானி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.
- டயர் மாற்றம்: அதே ஊர்தியில் 205/70 ஆர்15 டயரைப் பொருத்தினால் விட்டம் 668 மி.மீ. ஆகும்; அதாவது 5.3 விழுக்காடு கூடும். முன்பு துல்லியமாக இருந்த வேகமானி மணிக்கு 100 கி.மீ. எனக் காட்டும்போது ஊர்தி உண்மையில் மணிக்கு 105 கி.மீ.க்கு மேல் சென்றுகொண்டிருக்கும்.
- காற்றழுத்தமும் சுமையும்: இவற்றால் ஏற்படும் மாற்றம் பொதுவாகச் சிறியது.
- பார்வைப் பிழை: முள் உள்ள வேகமானியைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு முள் வேறு கோட்டில் நிற்பதாகத் தோன்றும்.

தேய்மானத்தால் வரும் பிழை ஓட்டுநருக்குப் பாதுகாப்பானது. பெரிய டயரால் வரும் பிழை அவரை அறியாமலே வரம்பு மீறச் செய்யக்கூடியது. ஆகவே பிழையின் அளவோடு, அது எந்தத் திசையில் அமைகிறது என்பதும் முக்கியமாகும்.

பன்னாட்டு விதிகள்

ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39-ஆம் எண் ஒழுங்குவிதி 1978 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி, வேகமானி காட்டும் வேகம் ஒருபோதும் உண்மை வேகத்தைவிடக் குறைவாக இருத்தல் கூடாது. மகிழுந்துகளுக்கான வகை ஒப்புதல் சோதனையில், காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிட அதன் பத்தில் ஒரு பங்கும் மேலும் 4 கி.மீ.யும் வரை கூடுதலாக இருக்கலாம். இவ்விதி அனுமதிக்கும் எல்லைகள் வருமாறு (மணிக்கு கி.மீ.):

உண்மை வேகம் 50: காட்டக்கூடியது 50 முதல் 59 வரை
உண்மை வேகம் 60: காட்டக்கூடியது 60 முதல் 70 வரை
உண்மை வேகம் 80: காட்டக்கூடியது 80 முதல் 92 வரை
உண்மை வேகம் 100: காட்டக்கூடியது 100 முதல் 114 வரை
உண்மை வேகம் 120: காட்டக்கூடியது 120 முதல் 136 வரை

குறைத்துக் காட்டுவது முற்றிலும் தடைசெய்யப்பட்டுள்ளதால், உற்பத்தியாளர்கள் தம் ஊர்திக்கு ஒப்புதல் பெற்ற டயர்களுள் மிகப் பெரியதையும் கருத்தில் கொண்டு, வேகமானியைச் சற்றுக் கூடுதலாகவே காட்டுமாறு அமைக்கின்றனர். கைப்பேசியிலுள்ள ஜி.பி.எஸ். காட்டும் வேகம் வேகமானியைவிடப் பெரும்பாலும் சற்றுக் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம் ஆகும். ஒரே உண்மை வேகத்தில் அருகருகே செல்லும் இரு ஊர்திகளின் வேகமானிகள் வெவ்வேறு எண்களைக் காட்டினாலும், இரண்டுமே விதிக்கு உட்பட்டவையாக இருக்கக்கூடும்.

காவல்துறையின் அளவீட்டுக் கருவிகள்

ராடார்

ராடார் கருவி டாப்ளர் விளைவை அடிப்படையாகக் கொண்டது. 24.125 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட அலை, மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நேராக நெருங்கும் ஊர்தியில் பட்டுத் திரும்பும்போது, அதன் அதிர்வெண் ஏறத்தாழ 4,470 ஹெர்ட்ஸ் கூடுகிறது. அலை செல்லும் திசைக்கும் ஊர்தி செல்லும் திசைக்கும் இடையே கோணம் இருந்தால், அக்கோணத்தின் கொசைன் மதிப்பால் பெருக்கிய வேகமே அளக்கப்படும். எனவே சாலையோரம் நிற்கும் காவலரின் கைராடார் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். இப்பிழை ஓட்டுநருக்குச் சாதகமானது.

சாலைக்குக் குறுக்காக, எடுத்துக்காட்டாக 22 பாகைக் கோணத்தில், நிலையாக வைக்கப்படும் ராடார்களில் நிலைமை வேறு. அங்குக் கோணத்தின் விளைவு முன்கூட்டியே ஈடுசெய்யப்படுகிறது. கருவி ஒரு பாகை தவறி 21 பாகையில் வைக்கப்பட்டால், முடிவு ஏறத்தாழ 0.7 விழுக்காடு கூடுதலாக வரும். கருவி பழுதின்றி இருந்தும் அதை வைத்த முறையால் பிழை நேர்வதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. பல தடங்களில் ஊர்திகள் செல்லும்போது அளக்கப்பட்ட வேகம் எந்த ஊர்திக்கு உரியது என்ற ஐயமும் எழலாம்.

தொலைவும் நேரமும்

சாலையில் பதிக்கப்பட்ட உணரிகள், சீரொளித் துப்பாக்கி, சராசரி வேக ஒளிப்படக்கருவி ஆகியவை தொலைவையும் நேரத்தையும் கொண்டு வேகத்தைக் கணக்கிடுகின்றன. சராசரி வேக முறையில் ஊர்தி இரு இடங்களைக் கடக்கும் நேரங்கள் ஒப்பிடப்படுகின்றன. 3 கி.மீ. இடைவெளியை மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கடக்க 108 நொடிகள் ஆகும். இரு முனைகளிலுள்ள கடிகாரங்களுக்கு இடையே ஒரு நொடி வேறுபாடு இருந்தால் முடிவில் ஏறத்தாழ 0.9 விழுக்காடு பிழை நேரும்.

இரண்டாம் சரிபார்ப்பு

நெதர்லாந்தைச் சேர்ந்த மொரிசு கட்சோனைட்சு என்னும் கார்ப் பந்தய வீரர், தம் ஊர்தி வளைவுகளைக் கடக்கும் வேகத்தை அளக்க உருவாக்கிய கருவியிலிருந்து பிற்காலக் கட்சோ ஒளிப்படக்கருவிகள் தோன்றின. பிரித்தானியச் சாலைகளில் நிறுவப்பட்ட இவ்வகைக் கருவிகள் அரை நொடி போன்ற சிறு இடைவெளியில் இரு படங்களை எடுக்கும். சாலையில் சம இடைவெளியில் வரையப்பட்டுள்ள வெண்கோடுகளைக் கொண்டு ஊர்தி நகர்ந்த தொலைவை எவரும் கணக்கிடலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் ஊர்தி அரை நொடியில் 8.3 மீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். ராடார் கூறும் வேகம் இதனுடன் பொருந்தாவிடில் அந்த அளவீட்டை ஏற்க இயலாது. குற்றம் சாட்டப்பட்டவரே கருவியின் முடிவைச் சோதிக்க இடமளிப்பது இம்முறையின் சிறப்பு ஆகும்.

கழிவும் சலுகையும்

அமலாக்கத்தில் அளிக்கப்படும் விடுப்பு இருவகைப்படும். இவை அடிக்கடி ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

1. அளவீட்டுக் கழிவு: காவல்துறைக் கருவியின் பிழை வாய்ப்பை ஈடுசெய்ய, அளந்த வேகத்திலிருந்து குறிப்பிட்ட அளவைக் கழிப்பது. ஓட்டுநர் உண்மையில் வரம்பை மீறினார் என்பதை உறுதி செய்வதே இதன் நோக்கம்.
2. அமலாக்கச் சலுகை: வரம்பை மீறியது உறுதியானாலும், சிறிய மீறலுக்கு நடவடிக்கை எடுக்காமல் விடுவது. வேகமானிப் பிழை, கவனச் சிதறல் போன்றவற்றுக்கு இடமளிப்பதும் அமலாக்க வளங்களைப் பெரிய மீறல்களுக்கு ஒதுக்குவதும் இதன் நோக்கம்.

செருமனியில் முதல் வகையே வெளிப்படையாகப் பின்பற்றப்படுகிறது. அளவுத்திருத்தம் செய்யப்பட்ட கருவிகளில் மணிக்கு 100 கி.மீ. வரை 3 கி.மீ.யும், அதற்கு மேல் 3 விழுக்காடும் கழிக்கப்படுகின்றன. காவல் ஊர்தி பின்தொடர்ந்து சென்று தன் வேகமானியால் அளந்தால் கழிவு இதைவிடப் பெரியது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் தேசியக் காவல் தலைவர்கள் மன்றத்தின் வழிகாட்டுதல் இரண்டாம் வகையைச் சார்ந்தது. வரம்புடன் 10 விழுக்காட்டையும் 2 மைலையும் கூட்டி வரும் வேகத்திலிருந்தே நடவடிக்கை பரிந்துரைக்கப்படுகிறது. இதன்படி மணிக்கு 30 மைல் வரம்புக்கு 35 மைலும், 70 மைல் வரம்புக்கு 79 மைலும் தொடக்க எல்லைகள் ஆகும். இது வழிகாட்டுதல் மட்டுமே. வரம்பைச் சிறிதளவு மீறினாலும் சட்டப்படி அது குற்றமே.

விக்டோரியா மாநிலத்தின் பட்டறிவு

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இச்சிக்கலின் பல கூறுகளையும் ஒருங்கே காட்டுகிறது. ஆஸ்திரேலிய வடிவமைப்பு விதி 18-இன் பழைய வடிவம், மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் வேகமானி இரு திசையிலும் 10 விழுக்காடு வரை பிழைபட அனுமதித்தது. அதாவது உண்மை வேகம் 100 ஆக இருக்கும்போது 90 எனக் காட்டும் வேகமானியும் சட்டப்படி சரியானதே. 39-ஆம் ஒழுங்குவிதியை ஒத்த புதிய வடிவம் 2006 சூலை முதல் படிப்படியாகப் புதிய ஊர்திகளுக்கு நடைமுறைக்கு வந்தது. முன்னர் விற்கப்பட்ட ஊர்திகளுக்கு அது பொருந்தவில்லை.

இதற்கிடையில் 2002-ஆம் ஆண்டில் அம்மாநிலம் அமலாக்கச் சலுகையைக் குறைத்தது. பிற்காலத்தில் வெளியிடப்பட்ட விதிப்படி, நடமாடும் ஒளிப்படக்கருவிகளின் அளவீட்டிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வரை 3 கி.மீ.யும், அதற்கு மேல் 3 விழுக்காடும் மட்டுமே கழிக்கப்படுகின்றன. பழைய விதிக்கு உட்பட்ட ஊர்தி ஒன்றின் வேகமானி 10 விழுக்காடு குறைவாகக் காட்டினால், முள்ளை 60-இல் நிறுத்தி ஓட்டுபவர் உண்மையில் மணிக்கு 66 கி.மீ.க்கு மேல் செல்வார். 3 கி.மீ. கழித்த பின்னரும் அவர் வரம்பை மீறியவரே. ஊர்தியை ஒப்புக்கொண்ட விதியும் ஓட்டுநரைத் தண்டிக்கும் விதியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதே எதிர்ப்பாளர்களின் வாதம் ஆகும். பெரும்பாலான வேகமானிகள் நடைமுறையில் கூடுதலாகவே காட்டுகின்றன என்பதும், ஐயமுள்ளவர் சற்று மெதுவாகச் செல்லலாம் என்பதும் மறுதரப்பின் விடை.

மேற்கு வட்டச் சாலை நிகழ்வு

2003-ஆம் ஆண்டில் மெல்பேர்ண் நகரின் மேற்கு வட்டச் சாலையிலிருந்த நிலையான ஒளிப்படக்கருவி ஒன்று, 1975-ஆம் ஆண்டின் தட்சன் 120ஒய் மகிழுந்து மணிக்கு 158 கி.மீ. வேகத்தில் சென்றதாகப் பதிவு செய்தது. அந்த ஊர்தியால் அவ்வேகத்தை எட்டவே முடியாது எனச் சோதனையில் தெரிந்தது. அதன் பின்னர் அச்சாலையின் கருவிகள் ஆராயப்பட்டன. 2004-இல் மாநில அரசு ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் அளவுக்கு அபராதங்களைத் திருப்பித் தரவும் இழப்பீடு வழங்கவும் முன்வந்தது. எட்ட முடியாத வேகம் என்பதாலேயே இப்பிழை வெளிப்பட்டது. ஐந்தோ பத்தோ கி.மீ. மட்டும் கூடுதலாகக் காட்டியிருந்தால், ஓட்டுநர் ஒருவர் அதனைத் தனியாக மெய்ப்பிப்பது அரிதாகவே இருந்திருக்கும்.

2010 அக்டோபரில் ஊம் நெடுஞ்சாலையின் சராசரி வேகக் கருவிகளிலும் தவறுகள் கண்டறியப்பட்டு அவை நிறுத்தி வைக்கப்பட்டன. இதனைத் தொடர்ந்து 2011-இல் இயற்றப்பட்ட தனிச் சட்டத்தின் வழியாக, காவல்துறையையும் அமைச்சகத்தையும் சாராத சாலைப் பாதுகாப்பு ஒளிப்படக்கருவி ஆணையர் பதவி உருவாக்கப்பட்டது. கருவிகளின் துல்லியத்தைக் கண்காணிப்பதும் பொதுமக்களின் முறையீடுகளை ஆராய்வதும் ஆணையரின் பணிகளாகும்.

நீதிமன்றங்களின் நிலைப்பாடு

கனடா: ஒன்ராறியோ மாகாணத்தில் 1976-இல் முடிவான இக்கி வழக்கில், தன் வேகமானி பழுதாக இருந்ததால் வேகத்தை அறியவில்லை என்பது ஓட்டுநரின் வாதம். கீழமை அமர்வு இதனை ஏற்கத்தக்க எதிர்வாதமாகக் கருதியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றி, வேக மீறல் முழுப்பொறுப்புக் குற்றம் எனக் கூறியது. அதாவது ஓட்டுநரின் எண்ணமோ நியாயமான தவறோ கணக்கில் கொள்ளப்படாது. 1978-இல் கனடிய உச்ச நீதிமன்றம் சூ செயின்ட் மரீ வழக்கில் குற்றங்களை மூவகையாகப் பிரித்து, உரிய கவனம் எடுத்துக்கொண்டதை மெய்ப்பித்தால் விடுபடக்கூடிய ஓர் இடைநிலை வகையை ஏற்படுத்தியது. எனினும் வேக மீறல் முழுப்பொறுப்பு வகையிலேயே அடங்கும் என்பதை ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல் மீண்டும் உறுதி செய்தது.

பிரித்தானியா: 1984-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, வேகம் குறித்து ஒரே ஒரு சாட்சி கூறும் கருத்தை மட்டும் கொண்டு எவரையும் தண்டிக்கக் கூடாது என்கிறது. ஆனால் இதே வகையான பழைய விதி இருந்த காலத்தில், 1950-இன் நிக்கலசு எதிர் பென்னி வழக்கில், பின்தொடர்ந்த காவலரின் வேகமானி சோதிக்கப்பட்டதற்குச் சான்று இல்லாதபோதும் அதன் அளவீடு ஏற்கப்பட்டது. ஓட்டுநரின் வேகமானி அவரைக் காப்பாற்றாது. காவலரின் வேகமானி சான்றாகும் என்ற ஏற்றத்தாழ்வு இவ்விரு நிலைப்பாடுகளையும் ஒப்பிடும்போது புலப்படுகிறது.

செருமனி: 2019 சூலையில் சார்லாந்து மாநில அரசமைப்பு நீதிமன்றம், மூல அளவீட்டுத் தரவுகளைச் சேமிக்காத ஒரு சீரொளிக் கருவியின் முடிவைத் தண்டனைக்கு அடிப்படையாகக் கொள்ள இயலாது எனத் தீர்ப்பளித்தது. 2020 நவம்பரில் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம், வழக்குக் கோப்பில் சேர்க்கப்படாத அளவீட்டுத் தகவல்களையும் பார்வையிடக் கோருவது நியாயமான விசாரணைக்கான உரிமையில் அடங்கும் என்று கூறியது. தரநிலை பெற்ற கருவியைப் பொதுவாக நம்பலாம் என்ற கொள்கையை இத்தீர்ப்பு நீக்கவில்லை. அந்நம்பிக்கையை மறுக்க விரும்புபவருக்கு வழி திறந்திருக்க வேண்டும் என வலியுறுத்தியது.

இந்தியா

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவு அதிவேகத்துக்கான தண்டனையை வரையறுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இலகு ரக ஊர்திகளுக்கு அபராதம் ரூ. 1,000 முதல் ரூ. 2,000 வரை ஆகும். ஒரு சாட்சியின் கருத்தை மட்டும் கொண்டு தண்டிக்கக் கூடாது என்பதும், கருவியின் துணையால் பெறப்பட்ட மதிப்பீடு தேவை என்பதும் இப்பிரிவிலேயே கூறப்பட்டுள்ளன. 2021 ஆகத்தில் சேர்க்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, மின்னணு அமலாக்கக் கருவிகளுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்றிதழையும், கருவி உள்ள இடத்தை அறிவிக்கும் பலகைகளையும் கட்டாயமாக்கியது. 2019 சூலை முதல் தயாராகும் மகிழுந்துகளில் மணிக்கு 80 கி.மீ.யைத் தாண்டும்போது எச்சரிக்கை ஒலி எழுப்பும் அமைப்பும் கட்டாயமாகும்.

நியாயம் குறித்த விவாதம்

சலுகையைக் குறைக்க வேண்டும் என்போர் விபத்து ஆய்வுகளைச் சுட்டுகின்றனர். அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் 1997-ஆம் ஆண்டு ஆய்வு, மணிக்கு 60 கி.மீ. வரம்புள்ள சாலைகளில் வேகம் ஒவ்வொரு 5 கி.மீ. கூடும்போதும் காயம் விளைவிக்கும் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது எனக் கண்டது. சுவீடனின் கோரன் நில்சன் உருவாக்கிய அடுக்கு மாதிரியின்படி, சராசரி வேகம் 1 விழுக்காடு உயர்ந்தால் உயிரிழப்பு விபத்துகள் ஏறத்தாழ 4 விழுக்காடு உயர்கின்றன. சலுகை இவ்வளவு என்பது தெரிந்துவிட்டால், ஓட்டுநர்கள் அதையே புதிய வரம்பாகக் கொள்வர் என்பதும் இவர்களது வாதம்.

மறுதரப்பினர் மூன்று கருத்துகளை முன்வைக்கின்றனர். முதலாவது, ஓட்டுநருக்கு அரசு ஒப்புதல் அளித்த கருவியைவிடக் கூடுதலான துல்லியத்தை அவரிடம் எதிர்பார்ப்பது முறையன்று. இரண்டாவது, சலுகை அளவு மறைவாக வைக்கப்படும்போது ஒரே செயலுக்கு இடத்துக்கு இடம் வெவ்வேறு விளைவு நேரக்கூடும். மூன்றாவது, வேகமானியை நொடிதோறும் பார்க்கும் ஓட்டுநர் சாலையைப் பார்க்கும் நேரம் குறைகிறது.

39-ஆம் ஒழுங்குவிதி போன்ற விதிகள் முதல் கருத்தின் வலுவைப் பெருமளவு குறைத்துள்ளன. வேகமானி குறைத்துக் காட்டவே கூடாது என்ற நிலையில், ஒப்புதல் பெற்ற அளவுள்ள டயரைப் பயன்படுத்துபவர் முள்ளை வரம்பில் நிறுத்தினால் உண்மை வேகம் வரம்பைத் தாண்டாது. பழைய விதிக்கு உட்பட்ட ஊர்திகளும், அளவு மாறிய டயர் பொருத்திய ஊர்திகளும் இதற்கு விலக்கு. காவல்துறைக் கருவியின் பிழை பற்றிய கேள்வி இதனால் தீர்வதில்லை. அதற்குக் குறித்த காலத்தில் அளவுத்திருத்தம், வெளிப்படையான கழிவு, சுதந்திரமான இரண்டாம் சரிபார்ப்பு, குற்றம் சாட்டப்பட்டவர் தரவுகளைப் பெறும் உரிமை ஆகியவை பல நாடுகளில் தீர்வுகளாகக் கைக்கொள்ளப்பட்டுள்ளன.

இவற்றையும் பார்க்க

- வேகமானி
- டாப்ளர் விளைவு
- அளவுத்திருத்தம்
- சட்ட அளவியல்
- சாலைப் பாதுகாப்பு